பந்துக்குத் தோல் போட்டது யார்?

அந்தப் பந்துக்குத் தோல் போட்டது நீங்கள் இல்லை, ஹெட்மாஸ்டர் சார். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பச்சையாகப் பொய் சொன்னீர்கள்.

நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் என் மகள் ஷைனி. அவள் பக்கத்தில் தக்காளி சாதம் வைத்த பை. நாங்கள் மூவருமே கேட்டோம்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் லைனில் மிஷின் ஓட்டுகிறவள். சுற்றி வளைத்துப் பேச வராது. போன வாரம் தண்ணீர் லாரிக்காரரைத் திட்டினேன். அதற்கு முந்தைய வாரம் என் நாத்தனாரை. இந்த வாரம் ஹெட்மாஸ்டர். யாரையும் விட்டுவிடக் கூடாது, பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஷைனி ஏழாம் வகுப்பு, பி பிரிவு. அறிவியல் எடுப்பது சுகந்தி டீச்சர். பாடம் என்னவென்றால் — உருளுகிற பொருளின் சராசரி வேகத்தைக் கண்டுபிடிப்பது. தரையில் ஆறு மீட்டருக்கு சாக்பீஸால் கோடு. ஒரு பக்கம் உருட்டிவிட வேண்டும். அந்தப் பக்கம் வந்து சேர எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். ஒரு தடவை செய்தால் போதாது. மூன்று தடவை. அவ்வளவுதான். இதில் சண்டைக்கு எங்கே இடம் இருக்கிறது?

இருக்கிறது.

"நாளைக்கு எல்லாரும் வீட்ல இருந்து உருள்ற பொருள் ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றிருக்கிறார் டீச்சர். அவர் வெளியூர்க்காரர். பாவம், எங்கள் ஊரைப் பற்றித் தெரியாது.

மறுநாள் வகுப்பே நூல் கோனோடு போய் நின்றது.

எங்கள் தெருவில் உப்பு இல்லாத வீடு இருக்கலாம். காலி நூல் கோன் இல்லாத வீடு கிடையாது. கம்பெனியில் நூல் தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் கூம்பு. அதில் ஊதுபத்தி சொருகுவோம், வாசலில் தோரணம் கட்டுவோம், அதற்குத் தொப்பி போட்டு கிறிஸ்துமஸ் தாத்தாவும் செய்வோம். உருட்டியது மட்டும் இல்லை.

உருட்டினார்கள். ஒரு முனை அகலம், ஒரு முனை குறுகல். நேராகப் போகுமா? கோட்டின் பக்கமே எட்டிப் பார்க்காமல் அழகாக ஒரு வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து டீச்சரின் செருப்பில் முட்டி நின்றதாம். அடுத்த கோன். அதுவும் வட்டம். அதற்கடுத்த கோன் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"டீச்சர், கெளம்பின எடத்துக்கே வந்துடுச்சே... அப்போ வேகம் சைபரா?" என்று என் மகள் கேட்டிருக்கிறாள்.

"நீ கடைக்குப் போய்ட்டு வீட்டுக்குத் திரும்பி வர்ற. நடக்கவே இல்லன்னு அர்த்தமா? சுத்தின தூரம் கணக்குல உண்டு" என்று டீச்சர் சொன்னாராம். எவ்வளவு தெளிவு! எனக்கு அப்போதே அந்த டீச்சரைப் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதையும் நிம்மதியாக உருட்ட முடியவில்லை. வெங்காயம் கை தவறி விழுந்தால் என் போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துகொண்டு ஓடி வருகிறாள். ஒரு நாள் காஸ்காரர் சிலிண்டரைத் தெரு முனையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். இவள் வாசலில் ஸ்டாப்வாட்சோடு நிற்கிறாள். அவர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், சிலிண்டர் பறக்கிறது! வேர்க்க விறுவிறுக்க வந்து நின்று,

"இன்னா பாப்பா, டைம்லாம் எடுக்கற? கம்ப்ளெய்ன்ட் கிம்ப்ளெய்ன்ட் குடுத்துடாத. நான் லேட்டே கெடையாது" என்றார்.

"இல்லண்ணா, சராசரி வேகம்."

"அதெல்லாம் ஆபீஸ்ல கேட்டுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாப்வாட்சைப் பார்த்ததும் காஸ்காரர் வேகமாகிவிட்டார். நாங்கள் அப்படி இல்லை. ஷூ கம்பெனிக்காரர்கள் நேர் எதிர்.

எங்கள் லைனில் அவ்வப்போது ஒருத்தர் கையில் வாட்சோடு வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். ஷூவின் மேல் பாகத்தை அப்பர் என்போம். ஒரு அப்பர் தைக்க எவ்வளவு நேரம் என்று பார்ப்பார். அன்றைக்கு நீங்கள் வீரம் காட்டி வேகமாகத் தைத்தீர்கள் என்றால் தீர்ந்தது கதை. மறுநாளே டார்கெட் ஏறும். ஏறின டார்கெட் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. அதனால் வாட்ச் உள்ளே நுழைந்தால் லைன் முழுக்க ஒரு மாதிரி ஆகிவிடும். நூல் தானாக அறும். ஊசிக் கண் தெரியாது. என் பக்கத்து மிஷின் கஸ்தூரிக்கு இருமல் வரும். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டால் மொத்த லைனுக்கும் ஒரே பதில்தான் — "மிஷின் சூடாயிடும் சார்."

இதை நாங்கள் ரகசியமாகவும் வைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்துச் சிரித்துப் பேசுவோம். பிள்ளைகள் ஹோம்வொர்க் எழுதுவது போலத் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

கேட்டிருக்கிறது.

கோன் சரிப்படவில்லை என்றதும் டீச்சர் ஒரு ரப்பர் பந்தை வாங்கிக் கொடுத்தார். சின்னச் சரிவுப் பலகை, அதன் உச்சியிலிருந்து பந்தை விட வேண்டும், தள்ளக் கூடாது. பந்து சர்ரென்று ஓடிவிட்டது. மூன்று பிள்ளைகள் மூன்று போனில் நேரம் எடுத்தார்கள். மூன்றும் மூன்று விதம். ஒருத்தி முன்னாலேயே அழுத்திவிட்டாள், ஒருத்தன் பந்து போன பிறகு அழுத்தினான், ஒருத்தன் தும்மிவிட்டான். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஷைனியும் அவள் கூட்டாளிகள் நாலு பேரும் அதே பந்தைக் கொண்டுபோனார்கள். ஆனால் பந்து மேல் தோல்! ஸ்வேட் தோல் — தடவினால் பூனை மாதிரி இருக்குமே, அது. துண்டு துண்டாக வெட்டி, சொல்யூஷன் போட்டு, மடிப்பு இல்லாமல் ஒட்டியிருந்தார்கள். வெட்டியது கஸ்தூரி மகள் காவ்யா. ஆறு துண்டும் ஒரே அளவு. எங்கள் கட்டிங் செக்ஷனில் அவளை இப்போதே சேர்த்துக்கொள்வார்கள்.

பந்து மெதுவாக இறங்கியது. மெதுவாக உருண்டது. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போய்க் கோட்டைத் தாண்டியது. பன்னிரண்டு வினாடி. திரும்ப விட்டார்கள். பன்னிரண்டு. மூன்றாவது தடவை — பன்னிரண்டும் கொஞ்சமும். வினாடிக்கு அரை மீட்டர்.

டீச்சர் குதித்தாராம். "விரல் கொஞ்சம் முன்னபின்ன அழுத்தினாலும், மெதுவா போற பந்துல அந்தத் தப்பு பெருசா தெரியாது! அளக்கறதுக்கு இதான் சரி! யாருடா இதைக் கண்டுபிடிச்சது?"

ஐந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் வயிற்றில் பிறந்தது இவ்வளவு அடக்கமா? இரவு சாப்பிடும்போது கேட்டேன்.

"இன்னாடி... உனக்கு எப்படித் தோணுச்சு இது?"

"நீதாம்மா சொன்ன."

"நான் எப்போடி சொன்னேன்?"

"வாட்ச் எடுத்துட்டு வந்தா மெதுவாத்தான் போணும்னு. மொத நாளே பந்து ஜாஸ்தி வேகமா போய்ட்டா, அப்புறம் டீச்சர் தெனம் இன்னும் வேகம் கேப்பாங்க. டார்கெட் ஏத்திடுவாங்க. பந்து பாவம்ல?"

எனக்குச் சோறு புரையேறிவிட்டது. என் வீட்டுக்காரர் தலையில் தட்டினார். டீச்சர் நினைத்த காரணம் வேறு, இதுகள் செய்த காரணம் வேறு. ஆனால் விடை சரி! நான் டீச்சரிடம் சொல்லவில்லை. பிள்ளைகளும் சொல்லவில்லை. அந்தம்மா சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

இங்கேதான் ஹெட்மாஸ்டர் வருகிறார்.

காட்பாடியில் அறிவியல் கண்காட்சி. ஏழாம் வகுப்பில் ஒரு பிரிவுதான் போகலாம். ஏ-வா, பி-யா? ஷைனி கண்காட்சிக்குப் போட ரிப்பன் எடுத்து வைத்துவிட்டாள். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. காஸ்காரருக்குக்கூடத் தெரியும். தேர்வு செய்யும் நாளில் பெற்றோரும் வரலாம் என்றார்கள். நானும் கஸ்தூரியும் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு, யூனிபார்ம் கோட்டோடு போய் வராண்டாவில் நின்றோம்.

முதலில் பி பிரிவு. தோல் போட்ட பந்து அதன் பாட்டுக்கு ஊர்வலம் போனது. ஹெட்மாஸ்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வாட்சைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார்.

"ஏம்மா இவ்ளோ ஸ்லோ? எறும்பு ஜெயிச்சிடும் போலருக்கே. வேகமா விட முடியாதா?"

ஐந்து பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். "பந்து சூடாயிடும் சார்!"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கஸ்தூரியால் முடியவில்லை. பழக்கதோஷம். பின்னாலிருந்து கத்திவிட்டாள். "ஆமா சார், நூல் அறுந்துடும்!"

அடுத்தது ஏ பிரிவு. தலைவன் தருண். கையில் கார்க் பந்து. பலகையும் இல்லை, சரிவும் இல்லை. பின்னால் நாலடி ஓடிவந்து ஒரே வீச்சு! இரண்டு வினாடி. பந்து கோட்டைத் தாண்டி, தண்ணீர் டிரம்மில் மோதி, டங் என்று சத்தம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இன்டர்வெல் என்று நினைத்து வெளியே வந்துவிட்டார்கள். அடுத்த வீச்சு மூன்று வினாடி. கை வலித்ததோ என்னவோ, கடைசி வீச்சு நான்கு வினாடி.

ஹெட்மாஸ்டர் கை தட்டினார். "ரெண்டே செகண்டு! இதுடா ரெக்கார்டு!"

சுகந்தி டீச்சர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "சார்... மூணையும் சேர்த்து சராசரி..."

"டீச்சர், நல்லா பண்ணது ஒண்ணு கையில இருக்கும்போது எதுக்குங்க மத்த ரெண்டு?"

கேட்டீர்களா? சராசரி வேகம் அளக்கும் போட்டியில் சராசரி வேண்டாமாம்!

எனக்குத் தாங்கவில்லை. "சார், இது அளக்கற போட்டியா, ஓடற போட்டியா?" என்று கேட்டேன்.

"நீங்க பேஜார் பண்ணாதீங்கம்மா, உக்காருங்க" என்றார். உட்கார அங்கே எதுவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

ஏ பிரிவு தேர்வானது. ஷைனி அழவில்லை. ரிப்பனை எடுத்து உள்ளே வைத்தாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். ரிப்பனை மடித்து வைக்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது? "கெளம்புடி. நாம பார்க்கவாவது போலாம்" என்றேன்.

ரயிலில் நின்றுகொண்டே போனோம். அங்கே ஹால் நிறைய கண்காட்சி. எந்த அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு எரிமலை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? எங்கள் ஏ பிரிவுக்குப் பக்கத்து மேஜையில் அது. வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்த எரிமலை, உள்ளே சிவப்புத் தண்ணீர்.

நடுவர் ஒரு மேடம். நிதானமானவர். "எங்கே, செஞ்சு காட்டுங்க" என்றார்.

தருண் வீசினான். வழவழவென்ற டைல்ஸ் தரை. பந்து கோட்டைத் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை. வாட்ச் அழுத்த வேண்டியவனே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பந்து நேராகப் பக்கத்து மேஜைக் காலில் இடித்தது. எரிமலை வெடித்தது. நேரத்துக்கு முன்னால், பக்கவாட்டில்! நடுவர் மேடத்தின் செருப்பெல்லாம் சிவப்பு.

"வேகம் எவ்வளவு?" என்று கேட்டார் மேடம், செருப்பை உதறிக்கொண்டே. பொறுமைசாலி.

வாட்ச் பிடித்தவன் தருணைப் பார்த்தான், தருண் எரிமலையைப் பார்த்தான்.

"அன்னைக்கு ரெண்டு செகண்டுல வந்துச்சுல்லடா! இன்னும் வேகமா போடு! கைய நல்லா வீசு!" என்று ஹெட்மாஸ்டர் பின்னாலிருந்து கத்துகிறார். தருணுக்கு வேர்த்து ஊற்றுகிறது. அடுத்த வீச்சு மூன்றரை. அதற்கடுத்தது நான்கரை. "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!"

ஷைனி என் முந்தானையை இழுத்தாள். "பாத்தியாம்மா... டார்கெட் ஏத்திட்டாங்க."

மேடம் அடுத்த மேஜையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார். தருண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தான்.

"ஷைனி, உங்க பந்து எடுத்துட்டு வந்தியா?"

எடுத்து வந்திருந்தாள்! எனக்கே தெரியாது. தக்காளி சாதத்துக்கு அடியில் பலகையோடு இருந்தது.

"தர்றேன். ஆனா எங்க அஞ்சு பேர் பேரையும் சார்ட்ல எழுதணும்."

"எழுதறேன், எழுதறேன். குடு சீக்கிரம். என் கை கழண்டுடும் போலருக்கு."

எழுதினான். நல்லவன். சார்ட்டின் அடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஐந்து பேரையும் எழுதினான். ஷைனி, காவ்யா, இம்ரான், பெனிட்டா, லோகேஷ். மேடம் திரும்பி வந்தார். தோல் பந்து ஊர்வலம் போனது. கொஞ்சம் தக்காளி சாத வாசனையோடு. மூன்று தடவை. மூன்றும் ஏறக்குறைய ஒன்று. மேடம் குனிந்து பந்தைத் தடவிப் பார்த்தார். சிரித்தார்.

இரண்டாம் பரிசு.

மேடையில் மேடம் கேட்டார். "பந்துக்குத் தோல் போடலாம்ங்கிற யோசனை யாருக்கு வந்தது?"

நான் ஷைனியை எழுந்திருக்கச் சொல்லித் தள்ளுகிறேன். அதற்குள் ஹெட்மாஸ்டர் மைக்கை வாங்கிவிட்டார்.

"என்னோட யோசனைதான் மேடம். நம்ம பக்கம் தோலுக்குப் பேர் போன பக்கம் இல்லையா? அதான், பந்தும் பார்க்க அழகா இருக்கட்டுமேன்னு..."

கைதட்டல். சார்ட்டைத் தூக்கிக் காட்டினார்கள். அடிப்பக்கம் ஐந்து பெயரும் இருக்கும் இடத்தில் யாரோ வைத்த பூங்கொத்து. அது எப்படி சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது? காற்றிலா?

ஷைனி என் காதில் சொன்னாள். "ம்மா, சார் காரணத்த தப்பா சொல்றாரு."

பேரை விட்டுவிட்டாரே என்று அவள் சொல்லவில்லை. காரணம் தப்பாம். அதுதான் என்னை எழுத வைத்தது.

யோசித்துப் பார்த்தேன். வாட்சைக் கண்டதும் காஸ்காரர் ஓடுகிறார். நாங்கள் இருமுகிறோம். ஹெட்மாஸ்டர் பிள்ளைகளை விரட்டுகிறார். வாட்சுக்கு முன்னால் எந்த மனுஷனும் அவனாக இருப்பதில்லை. அதற்குப் பயப்படாத ஒரே ஜீவன் அந்தப் பந்துதான். அதற்கும் நாங்கள் தோல் கோட் மாட்டிவிட்டோம்!

இப்போது சான்றிதழ் உங்கள் ரூமில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது, சார். அதில் ஏ பிரிவின் பெயர்கள். வழிகாட்டி என்று உங்கள் பெயர். பி பிரிவு இல்லை. சுகந்தி டீச்சர் இல்லை. பந்து மட்டும் கீழே அலமாரியில் இருக்கிறது. ஆறு துண்டுத் தோல், ஒரு மடிப்பு இல்லை.

எனக்குப் பரிசு வேண்டாம். சண்டையும் வேண்டாம். ஒரு பதில் போதும். வருகிற திங்கட்கிழமை காலைப் பிரேயரில், மொத்தப் பள்ளிக்கூடமும் நிற்கும்போது, மைக்கில் சொல்லுங்கள். உங்கள் யோசனைதானே? அப்படியென்றால் பந்துக்குத் தோல் எதற்குப் போட்டீர்கள்? அழகுக்கு என்று சொன்னால் செல்லாது. சுகந்தி டீச்சருக்கு ஒரு காரணம் தெரியும். எங்கள் தையல் லைனுக்கு ஒரு காரணம் தெரியும். இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள், நான் பேனாவை மூடிவிடுகிறேன். இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டீர்களா? அந்த ஐந்து பெயரையும் அதே மைக்கில் படியுங்கள்.

அவசரம் இல்லை சார், மெதுவாகவே சொல்லலாம். நானும் கஸ்தூரியும் கேட் பக்கம் நிற்போம் — கையில் ஸ்டாப்வாட்சோடு.